மரியா இல்லாத பாட்டு

எந்த மொழியில் பாட்டைக் கொடுத்தாலும் எங்கள் பாடற்குழு பாடிவிடும். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. இப்போது யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன்.

கேரள எல்லைக்குள்ளே குன்னத்துகால் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது எங்கள் ஆலயம். மிஷன் காலத்துப் பழைய சபை. வெள்ளைக்கார மிஷனரிகள் விட்டுப்போனவற்றில் இன்றும் பழுதில்லாமல் இருப்பவை ஆலய மணியும், டோ ரே மீ என்று ஸ்வரத்தை எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் முறையும்தான். ஒரு மெட்டை நான்கு குரலுக்கும் பிரித்து எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் போதும், எங்கள் ஆட்கள் அப்போதே பாடுவார்கள். சொற்கள் அதற்குப் பிறகுதான். ஆங்கிலம், லத்தீன், ஜெர்மன் எல்லாம் பாடியிருக்கிறோம். அர்த்தம் கேட்கும் வழக்கம் கிடையாது. ஆலயத்தில் பாடுகிற பாட்டு வேறு எதைப் பற்றி இருக்கப் போகிறது என்ற தைரியம்தான்.

நான் அந்தக் குழுவின் செயலாளர். ஆண்களின் கீழ்க்குரல் வரிசையில் நிற்பவன். பாறசாலைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றேன். முன்கோபி என்று பெயர், பெயர் பொய்யில்லை. என் அக்கா அதே குழுவில் மேல்குரல் பாடுபவள். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. என் மனைவி இறந்து, மகளும் வேலைக்கென்று பெங்களூருக்குப் போன பிறகு பழைய வீட்டில் நானும் அக்காவும்தான்.

கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிடுவோம். அந்த இருட்டில் முதல் பாட்டின் முதல் சரணத்தை ஒரு குரல் மட்டும் பாடும். அக்கா பாவாடை தாவணி போட்டிருந்த காலத்திலிருந்தே அந்தக் குரல் அவளுடையது. தலை நரைத்த பிறகும் அதை யாரும் அவளிடமிருந்து கேட்கவில்லை. கேட்கத் துணிந்தவர்களும் இல்லை. தனக்கென்று அவள் வைத்திருந்தது அது ஒன்றுதான். நான் சொல்லப்போவது அது எப்படிப் போயிற்று என்பதைத்தான்.

குளத்தூர்க் கடற்கரையில் ஒரு ஸ்பானிஷ் சினிமா எடுக்க வந்தார்கள். பாட்டும் கதையுமாகப் போகிற படம். ஒரு துறைமுக ஊரில் பாடுகிற பெண், கப்பலில் போன தன் ஆளைத் தேடி ஊர் ஊராகப் போகிறாள். கடைசியில் நம் கரைக்கு வந்து, ஒரு சர்ச்சுக்குள் நுழைகிறாள். அங்கே உள்ளூர்க்காரர்கள் அவளுடைய ஊர்ப் பாட்டையே ஜெபம் மாதிரி பாடிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அவள் உட்கார்ந்து அழ வேண்டும். இதுதான் காட்சி. அதற்கு நாலு குரலில் பாடத் தெரிந்த ஒரு குழு வேண்டும் என்று அலைந்து, எப்படியோ எங்களைக் கண்டுபிடித்தார்கள்.

அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே மொழிபெயர்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஓர் இளைஞன் வந்திருந்தான். வாயில் எப்போதும் சூயிங்கம். பாட்டு எதைப் பற்றியது என்று அவனிடம் கேட்டேன்.

“கடல், விளக்கு, ஒருத்தி காத்திருக்கிறது. அத்தறேயுள்ளு, சாறே. ஒரு குழப்பவும் இல்ல” என்றான். அவ்வளவுதான், வில்லங்கம் ஒன்றும் இல்லை என்கிறான்.

எனக்கு அது போதும். விளக்கு, காத்திருத்தல். வேறென்ன? மணவாளனுக்காக விளக்கேந்திக் காத்திருந்த கன்னிகைகளின் உவமைதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவன் அப்படிச் சொல்லவே இல்லை. சபைக் கமிட்டியில் கேட்டபோது, “வேதத்திலுள்ள பத்துக் கன்னிகைகளைப் பற்றிய பாட்டு” என்று கணீரென்று சொன்னவன் நான்.

ஆனால் கமிட்டிக்கு வேறு பயம். ஸ்பானிஷ்காரன் என்றால் கத்தோலிக்கன். கத்தோலிக்கன் என்றால் மாதா. கடற்கரை ஊர்களில் எல்லாம் மாதாவுக்குச் சின்னக் கோயிலாகக் குருசடி உண்டு, திருவிழாக் கொடியேற்று உண்டு, புராட்டஸ்டண்டுகளான எங்களுக்கு அது ஆகாது. எங்கள் ஆலயத்துக்குள் நின்று தெரியாத மொழியில் மாதாவைக் கும்பிட்டுவிட்டால்? கமிட்டியில் மூத்தவர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டுத் தாளை வாங்கினார். எங்கள் குழுவில் வயதானவர்கள் தமிழ் வாசிப்பார்கள், பிள்ளைகள் மலையாளம்தான் வாசிப்பார்கள் என்பதால் ஸ்பானிஷ் வரிகளை இரண்டு லிபியிலும் எழுதிவைத்திருந்தேன். அவர் இரண்டிலும் வரி வரியாக விரலை ஓட்டினார். மரியா என்ற பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

“மரியா இல்ல. சுத்தமான பாட்டாக்கும்” என்று தாளைத் திருப்பித் தந்தார்.

போதகரை இங்கே நாங்கள் அச்சன் என்றுதான் கூப்பிடுவோம். அச்சனும் தலையாட்டினார். சினிமாக்காரர்கள் ஆலயத்துக்கு ஒரு புது கீபோர்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பழைய கீபோர்டில் நடுவே சில கட்டைகள் பேசாது. எல்லோருக்கும் மனசு நிறைந்தது.

பயிற்சி தொடங்கியது. மெட்டு நல்ல மெட்டு, அதை மறுக்க மாட்டேன். மெதுவாக ஏறி, நடுவில் ஒரு இடத்தில் நின்று, அக்காவின் குரல் மட்டும் மேலே போய்விட்டு இறங்கும். படத்தில் நடிக்கும் அந்த ஸ்பானிஷ் பெண் ஒருநாள் பயிற்சிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். இடைவேளையில் பார்த்தால் அக்காவும் அவளும் ஆலயத்து முகப்பில் கட்டன் சாயா குடித்துக்கொண்டு பேசுகிறார்கள். அவள் போனில் என்னவோ பேசுகிறாள், போன் அதை மலையாளத்தில் சொல்கிறது. அக்கா குனிந்து கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வார்டில் ஊசியோடு நின்று பெரிய பெரிய ஆண்களை அழவைத்த என் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

“மக்கா, அந்தப் பாட்டுக்க அர்த்தத்த அந்தப் பிள்ளையிட்ட கேட்டேன். வரி வரியாட்டு சொல்லித் தந்தா. சொல்லட்டா?”

“வேண்டாம்” என்றேன்.

“ஏன்டே?”

“கமிட்டி பாஸாக்கியாச்சு. மரியா இல்லல்லா? பின்ன என்ன?”

“மரியா இல்ல” என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். “மரியா இருந்திருந்தா கமிட்டிக்கு இதைவிட நல்லதாட்டு இருந்திருக்கும்.”

அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியும் விளங்கிவிடக் கூடாது என்றுதான் தண்ணீரைக்கூட முழுசாகக் குடிக்காமல் முற்றத்துக்கு இறங்கிப் போனேன். தெரிந்துவிட்டால் கமிட்டியில் சொல்ல வேண்டும். சொன்னால் படப்பிடிப்பு நிற்கும். கீபோர்டு போகும். பத்துக் கன்னிகைகள் என்று கணீரென்று சொன்ன என் வாய் என்ன ஆவது? தெரியாமல் இருப்பதுதான் சௌகரியமாக இருந்தது, இருந்துவிட்டேன்.

படப்பிடிப்பு அன்று பெண்கள் எல்லோரும் வெள்ளைப் புடவை, நாங்கள் வெள்ளைச் சட்டை. பீடத்தில் சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோனார்கள். மற்றவர்களைத் திரும்பத் திரும்பப் பாடவைத்த டைரக்டர், அக்காவை மறுபடி பாடச் சொல்லவில்லை. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். ஸ்பானிஷ் பெண் ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அச்சனுக்கே கண் கலங்கிவிட்டது. “ஆவியானவர் இறங்கிய மாதிரி இருந்தது” என்று வெளியே வந்து சொன்னார்.

அதன் பிறகு ஊரில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பாறசாலைச் சந்தையில் மீன் வாங்கப் போனாலும் ஸ்பானிஷ் படப் பேச்சுதான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பாவம். படம் முடிந்து பிரதி வந்ததும், முதலில் தனியாகப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எதற்கு? ஊரே சேர்ந்து பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்தேன். ஆலயத்துப் பாரிஷ் ஹாலில் வெள்ளைத் திரை கட்டி, ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு, ஞாயிறு பிற்பகலில். பக்கத்துச் சபைகளை அழைத்தேன். கூடப் பணிபுரிந்த வாத்தியார்களை அழைத்தேன். குளத்தூர்க் கடற்கரைப் பங்கின் இளைஞர்களைக்கூட, கத்தோலிக்கர்களானாலும் பாட்டு என்றால் என்ன என்று பார்க்கட்டும் என்று அழைத்தேன்.

படத்துக்கு முன் ஒரு பேச்சு வேறு. “விளக்கேந்திக் காத்திருந்த கன்னிகைகளின் கீதத்தை நம் சபை உலகத்துக்கு வழங்குகிறது” என்றேன். கைதட்டினார்கள். இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அந்த மெட்டு வந்துவிட்டது. ஆனால் சர்ச்சில் அல்ல. புகை மண்டிய ஒரு சாராயக்கடை. சிவப்புப் பாவாடை கட்டிய அதே பெண் ஒரு மாலுமியின் மடியில் உட்கார்ந்து, அவன் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பாடுகிறாள். மெட்டைக் கேட்டதும் ஹாலில் ஒரே சந்தோஷம். “நம்ம பாட்டு! நம்ம பாட்டு!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். குழுவில் சிலர் கூடவே முனகத் தொடங்கினார்கள். நான் முன்வரிசையில் அச்சனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் தாளம் போட்டேன். அதன் பிறகுதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையின் கீழே ஓடிய ஆங்கில எழுத்தை வாசித்தேன்.

‘கதவைத் தாழிடவில்லை, விளக்கை நீ வந்து அணை. உன் தோளிலிருக்கிற கடல் உப்பை என் தோளில் தேய்த்துவிட்டுப் போ. விடியும்வரை உன் படகு காத்திருக்கட்டும், நான் காத்திருந்தது போதும்.’

தாளம் போட்ட கை அப்படியே நின்றது. பின்னால் முனகல்கள் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது. கடைசிவரை விடாமல் முனகிக்கொண்டிருந்தவர், மரியா இருக்கிறதா என்று தேடிய அந்த மூத்தவர். அவருக்குக் கண்பார்வை கொஞ்சம் மட்டு. பேரன் அவர் தொடையைத் தட்டி நிறுத்தினான்.

சரி, சாராயக்கடையோடு போகட்டும், நம் காட்சியில் வேறு எழுத்துப் போடுவார்கள் என்று ஒரு நப்பாசை. எவ்வளவு முட்டாள் பாருங்கள். பிற்பாதியில் எங்கள் ஆலயம் வந்தது. சிலுவை, மெழுகுவர்த்தி, வெள்ளைப் புடவைகள். சங்கீதம் பாடுகிற பயபக்தியோடு நாங்கள் நாலு குரலில் பாடுகிறோம், கீழே அதே கதவு, அதே தோள், அதே உப்பு. பிறகு அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் முகம் அழகாக இருந்தது. கண்ணை மூடாமல், யாரையோ நேராகப் பார்த்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. அந்த வயதில், அந்த முகத்தில் அப்படி ஒரு ஆசை இருக்கக்கூடும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கூடப் பிறந்தவளின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். கடற்கரைப் பையன்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து ஒரு விசில் வந்தது.

அச்சன் எழுந்தார். திரையில் அக்கா பாடிக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தி, “நாம் ஜெபிப்போம்” என்றார். ஆசீர்வாதம் கூறி முடித்தார். அந்த ஜெபம் முழுக்கப் பின்னணியில் எங்கள் பாட்டு. ஒருவருக்கும் புரொஜெக்டரை அணைக்கத் தோன்றவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது படத்தில் அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்காவது அழ ஒரு காட்சி கொடுத்திருந்தார்கள்.

யாரோ போனில் பிடித்த அந்தத் துண்டு மறுநாளைக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. பக்கத்துப் பஞ்சாயத்துக்குப் போயிற்று, எல்லை தாண்டிக் களியக்காவிளைக்கும் போயிற்று. சாயாக்கடையில் நான் ஏறினால் பேச்சு நிற்கும்; இறங்கினால் சிரிப்பு கிளம்பும். நேர்வழியை விட்டு ரப்பர்த் தோட்டம் வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன். வீட்டு வாசலில் மீன் கொண்டுவருகிற கடற்கரைப் பெண்மணி கூடையை இறக்கிவிட்டு, “சாறே, அக்காக்க பாட்டு எனக்க போனிலயும் வந்துது. என்ன குரல், எனக்க அம்மோ! எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு” என்றாள். அவள் கேலி செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, “மீன் வேண்டாம், போ” என்று விரட்டிவிட்டேன். உள்ளேயிருந்து வந்த அக்கா அவளைத் திரும்பக் கூப்பிட்டுச் சாளை வாங்கினாள்.

அக்கா மட்டும் எப்போதும் போல இருந்தாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளுக்கு வெட்கமே இல்லையா என்று மனதுக்குள் பொருமினேன்.

கமிட்டி கூடியது. பாடியது முழுக் குழுவும்தான், ஆனால் வாட்ஸ்அப்பில் ஓடுவது அக்காவின் முகம் என்பதால் பேச்சு அவளைப் பற்றியே நடந்தது. கேரல் ஆராதனை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்தை மறுபடி ஆலயத்தில் விளக்கணைத்துவிட்டுப் பாடவைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார்கள். விளக்கை அணை என்பது அந்தப் பாட்டிலேயே வருகிறதே என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் இருமினார். புதுக் கீபோர்டைத் திருப்பிக் கொடுப்பது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அச்சன் நல்ல மனிதர். ஒரு வழி சொன்னார். அர்த்தம் தெரியாமல் நடந்த பிழை. அக்கா ஞாயிறு ஆராதனையில் எழுந்து, ‘தெரியாமல் பாடிவிட்டேன், சபை பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரியம் அதோடு முடிந்தது, கேரலில் வழக்கம் போல அவளே பாடலாம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வாக்குதான் அக்கா. தெரியாம பாடிட்டேன்னு.”

“எனக்குத் தெரியுமே.”

“உனக்குத் தெரியும்னு ஆருக்குத் தெரியும்?”

மடித்த துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “உனக்குத் தெரியும்லா, மக்கா.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று கத்தினேன். “நீ சொன்னியா எனக்கிட்ட? அர்த்தம் இன்னதுன்னு சொன்னியா?”

“சொல்ல வந்தேன்.”

“வந்தது கணக்கில்ல. இந்த வயசில ஊரைக் கூட்டி மானத்தைக் கெடுத்தாச்சு. இனி கேரலும் போணுமா உனக்கு? ஒரு வாக்கு. அதுக்குப் பிறகு நீ உன் பாட்டுக்குப் பாடு, விடு.”

அவள் மீதித் துணியை மடிக்கத் தொடங்கினாள். சம்மதித்துவிட்டாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். என் அக்கா கேரலை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று எனக்கு அவ்வளவு உறுதி.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்கார இடமில்லை. மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். அறிவிப்புகள் முடிந்ததும் அச்சன் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். பாடற்குழு வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நான் தெரிஞ்சுதான் பாடினேன்” என்றாள்.

தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின, அவள் மேலே சொன்னாள்.

“அர்த்தத்த முந்தியே கேட்டு மனசிலாக்கிட்டுத்தான் பாடினேன். ஒருத்தி கதவத் தொறந்து வச்சு ஒருத்தனுக்காகக் காத்திருக்கிற பாட்டு. எனக்கு அது பிடிச்சுது. சபைக்கு அதுனால வருத்தம் உண்டானா பொறுத்துக்கிடணும். ஆனா ஆலயத்தில நின்னுட்டு, தெரியாதுன்னு பொய் சொல்ல என்னால பற்றாது.”

எங்கோ ஒரு பெண், “கர்த்தாவே” என்றாள். அச்சன் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். அவர் மலையாளத்துக்கு மாறியிருந்தார்.

“செக்ரட்டரி சாறினு அறியாமாயிருந்நோ?”

உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டார். அவ்வளவுதான். சபை முழுக்க என்னைப் பார்த்தது. அக்காவும் பார்த்தாள். அடுக்களையும் மரச்சீனிக் கிழங்கும் நான் பாதியில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் டம்ளரும் எனக்கு நினைவுக்கு வந்தன. வராமல் இல்லை. வாயில் தமிழ் வரவில்லை.

“எனிக்கு அறிஞ்ஞூடா, அச்சா” என்றேன். எனக்குத் தெரியாது.

“ஞங்களுக்கும் அறிஞ்ஞூடா” என்று என் பின்னாலிருந்து மற்றவர்களும் முந்திக்கொண்டு சொன்னார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

சொல்ல வந்தேன், இவன்தான் வேண்டாம் என்றான் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் மேலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு குனிந்து பாட்டுப் புத்தகத்தையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. பாடற்குழு வரிசையிலிருந்து தானாக இறங்கி, பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் இடம் விட்டு நகர்ந்தார்கள், தேவைக்கு அதிகமாகவே நகர்ந்தார்கள்.

அடுத்த பாட்டின் எண்ணை அறிவிக்க வேண்டியது செயலாளரின் வேலை. அறிவித்தேன். பாடவும் செய்தேன். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

கேரல் ஆராதனையில் அந்தச் சரணத்தை வேறொரு பெண் பாடினாள். நன்றாகவே பாடினாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் மூன்றாவது பெஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆனாலும் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெளிச்சம் வந்த பிறகும் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து நானும் அக்காவும் ரப்பர்த் தோட்டம் வழியாக வீட்டுக்கு நடந்தோம். அந்த வழியாகத்தான் இப்போதெல்லாம் போகிறோம். கீழே ஜங்ஷனில் நட்சத்திர விளக்குகள் எரிந்தன. நெடுநேரம் அடக்கி வைத்திருந்தது வாயிலிருந்து வந்துவிட்டது.

“அக்கா, அன்னைக்கு நீ சொல்லியிருக்கலாமே. எனக்கிட்ட சொல்ல வந்தேன்னு.”

“என்னத்துக்கு?”

“நான் பொய் சொன்னேன்லா.”

“நீ பொய்யொண்ணும் சொல்லல்லியே, மக்கா” என்றாள். “நீ கேக்கல்ல. கேக்காதவனுக்கு எப்பிடித் தெரியும்?”

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன வயதில் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று ஊதிவிடுவாளே, அந்தக் குரலில் சொன்னாள். இப்போதாவது கேட்டுவிடலாமா என்று தோன்றியது. யாரை நினைத்துக்கொண்டு பாடினாய் அக்கா, எந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தாய், நாங்களெல்லாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். வீடு வந்துவிட்டது, அவள் சாவியைத் தேட ஆரம்பித்தாள்.

போன மாதம் பாடற்குழுவுக்குப் புதிதாகப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தோம். ஆராதனைக்குப் பிறகு சபைக்கு முன்னால் பெயர்களை அறிவிப்பது வழக்கம். செயலாளர் இடத்துக்குப் போட்டியே இல்லை. “நம்பத் தகுந்த ஒருவர் ஏற்கெனவே இருக்கும்போது வேறு ஆளை எதற்குத் தேட வேண்டும்?” என்று அச்சன் என் பெயரைச் சொன்னார். சபை கைதட்டியது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன். மூன்றாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து அக்காவும் கைதட்டினாள்.